கடைசிச் சுற்று ஆள்

நாற்காலியிலேயே தொடங்கிவிட்டது கோபம். கைப்பிடி உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி, உடைந்த முனை முழங்கையில் குத்துகிறது, அதைப் பயிற்சியாளர் ராஜதுரை தன் கையாலேயே தூக்கிவந்து மைதானக் கோட்டை ஒட்டிப் போட்டு, "இங்க உக்காருங்க அண்ணாச்சி, எல்லாம் தெளிவாத் தெரியும்" என்று சொன்னதிலிருந்து கஸ்பாருக்கு உள்ளே எரிந்துகொண்டிருக்கிறது. தெளிவாகத் தெரிய நாற்காலி எதற்கு, கண் போதாதா. கேட்கவில்லை. அணிக்காரர்கள் கொடுத்த நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர்கள் வாங்கிவந்த காபியைக் குடித்துவிட்டு எதைக் கேட்பது. இன்றைக்கு அவர் பார்க்க வேண்டியது இரண்டு பேரை. கூடைப்பந்து லீக்கில் ஒவ்வொரு அணியும் வெளிநாட்டு ஆட்டக்காரர்களைச் சுற்றுச் சுற்றாக எடுக்கிறது, முதல் சுற்றில் எடுத்தவனுக்குக் கடற்கரை ஓட்டலில் அறை, கார், கழுத்தில் மாலை. கடைசிச் சுற்றில் எடுத்தவர்களுக்கு மாலை கிடையாது. எல்லா அணியும் வேண்டாம் என்று கைகழுவிய பிறகு மிச்சம் கிடந்தவர்கள் அவர்கள். மிச்சத்தில் இரண்டைப் பொறுக்கித் தூத்துக்குடிக்குக் கூட்டிவந்திருக்கிறார்கள், அங்கோலாக்காரன் டொமிங்கோஸ், ஜார்ஜியாக்காரன் லெவான், ஆனால் அணியில் இருக்கிற இடம் ஒன்றுதான். சென்னை வங்கி அணியோடு நடக்கிற இந்தப் பயிற்சி ஆட்டத்தில் டொமிங்கோஸ் ஆடி முடித்து, தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். கடைசிப் பகுதி மட்டும் லெவானுக்கு. முடிந்ததும் கஸ்பார் வாயைத் திறந்து ஒரு பெயரைச் சொல்ல வேண்டும், மற்றவன் நாளைக்கே விமானம் ஏறிவிடுவான். மூன்று பகுதி அவனுக்கு, ஒரு பகுதி இவனுக்கு, இது என்ன கணக்கு என்று கேட்டதற்கு, "நேரம் இல்ல அண்ணாச்சி" என்றான் ராஜதுரை. நேரம் இல்லையாம். அன்றைக்கும் இதையேதான் சொன்னார்கள்.

அதோ வந்துவிட்டான். நல்ல உயரம், ஆனால் தோளைக் குறுக்கிக்கொண்டு நடக்கிறான், இடது முட்டியில் கறுப்பு உறை, காது மடல் சிவந்திருக்கிறது, உள்ளே காலை வைத்த உடனே முதல் வேலையாகத் திரும்பிக் கஸ்பாரைப் பார்க்கிறான். என்னை ஏன்டா பார்க்கிறாய். பந்தைப் பார். எவனோ சொல்லியிருக்கிறான், நாற்காலியில் உட்கார்ந்திருக்கிற அந்தக் கிழவன்தான் சொல்ல வேண்டும் என்று. பந்து கைக்கு வந்ததும் பக்கத்தில் நிற்பவனுக்குக் கொடுத்துவிட்டு மறுபடியும் ஒரு பார்வை, பலகைக்கு அடியில் ஒருவனை முட்டித் தள்ளிவிட்டு மறுபடியும் ஒரு பார்வை, பார்த்தீர்களா, பார்த்தீர்களா என்று கெஞ்சுகிற பார்வை. கஸ்பாருக்குப் பல்லைக் கடிக்க வேண்டும்போல இருந்தது. வெளிநாட்டுக்காரர்களை அவர் இன்று நேற்றா பார்க்கிறார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, பந்து ஆடத் தெரிந்த ஒரே காரணத்தால் துறைமுகத்தில் கப்பல் கயிறு இழுக்கிற கலாசி வேலைக்குச் சேர்ந்தவர், சாயங்காலமானால் கப்பல்காரன்கள் கரைக்கு இறங்கித் துறைமுகத்துச் சிமெண்ட் தரையில் பந்தாட வருவார்கள், அவர்கள் ஏணியில் இறங்கும்போதே கஸ்பாரும் அவர் கூட்டாளி சிலுவையும் மற்றவர்களும் கயிறு கட்டுகிற இரும்புக் குத்திகளின்மேல் வரிசையாக உட்கார்ந்து ஆளைப் பங்கு போட்டுவிடுவார்கள். "அந்தச் செவத்தவன் வலப்பக்கம் மட்டுந்தான் திரும்புவான், சிலுவை, நீ பிடி. தாடிக்காரனுக்கு மூச்சு இல்லல, ஓடவிட்டே கொல்லலாம்." இறங்குகிற காலைப் பார்த்தே சொல்லிவிடுவார் கஸ்பார், ஒருநாளும் தப்பினது இல்லை. ஒரே ஒரு நாள், கிரேக்கக் கப்பல் ஒன்றின் சமையல்காரன், தொப்பையும் துண்டுமாகக் கடைசியில் இறங்கியவன், அவனை எவனும் கணக்கிலேயே எடுக்கவில்லை, அவன்தான் அன்றைக்கு எல்லோரையும் சுற்றிச் சுற்றி அடித்தான். அந்தத் தொப்பைமேல் இன்னும் கோபம் இருக்கிறது கஸ்பாருக்கு. இந்தக் கப்பல் கதையை எங்கேயோ கேட்டுவிட்டுத்தான் அணி முதலாளி ஆள் அனுப்பினான், வெளிநாட்டு ஆளை எடைபோட நம்ம கஸ்பார் அண்ணாச்சியை விட்டால் யார் என்று. எடைபோட. மீனா இது. ஆனாலும் வந்தாரே. சட்டை கொடுத்ததும் போட்டுக்கொண்டு வந்தாரே. அந்தக் கோபமும் இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

லெவான் ஒரு பந்தை வளையத்தில் போட்டான். ஒன்றும் பெரிய காரியமில்லை, அடியில் நின்றுகொண்டு போட்டது, உயரம் இருக்கிறவன் எவனும் போடுவான். மறுபடி பார்வை. பார்க்காதேடா. பார்க்கிறவன் தோற்பான், அது கஸ்பாருக்குத் தெரிந்த மாதிரி இந்த ஊரில் வேறு எவனுக்கும் தெரியாது. மாநில அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று முன்பதிவு இல்லாத பெட்டியில் நின்றுகொண்டே சென்னை போனார்கள் அவரும் சிலுவையும், சிலுவையின் மச்சானுடைய காலணி கஸ்பார் காலில், முன்னால் துணி திணித்து, நாள் முழுக்க வெயிலில் காக்கவைத்து, இருட்டப்போகிற நேரத்தில், "நேரம் இல்ல, சீக்கிரம் ஆடுங்க" என்று உள்ளே விட்டார்கள். தேர்வாளர் ஞானையா சார். பாளையங்கோட்டைக்காரர், வெள்ளைக் கால்சட்டை, வெள்ளைச் சட்டை, மடியில் மடித்த கைக்குட்டை. கஸ்பார் ஒரு பந்தைப் பறித்தார், பறித்த வேகத்தில் ஓடினார், முன்னால் இரண்டு பேர் மறித்தார்கள், பின்னால் சிலுவை வருகிறான் என்பது அவன் மூச்சிலேயே தெரிந்தது, திரும்பிப் பார்க்காமல் இரண்டு காலுக்கும் நடுவே பந்தைப் பின்னால் விட்டார், சிலுவை அதை அள்ளி வளையத்தில் போட்டான், சுற்றி நின்ற கூட்டம் ஓ என்றது. அந்த ஓ இன்னும் காதில் இருக்கிறது. அந்த ஓவோடு கஸ்பார் திரும்பி ஞானையாவைப் பார்த்தார். ஞானையா கண்ணாடியைக் கழற்றி வாயருகே வைத்து ஹா என்று ஊதி, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார். குனிந்த தலை நிமிரவில்லை. ராத்திரி படித்த பெயர்களில் சிலுவை பெயர் இருந்தது. கஸ்பார் பெயர் இல்லை. ஏன் என்று ஒருவரும் சொல்லவில்லை, குழாயடியில் நின்று முகத்தைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார். பந்தைப் போட்டவன் போனான், கொடுத்தவன் திரும்பி வந்தான். வந்த பிறகு இந்தக் கதையைச் சொல்லாத ஆள் இல்லை, சொல்லாத இடம் இல்லை. துறைமுகத்தில் அவர் வாயைத் திறந்தாலே, "ஏ, எல்லாரும் இரிங்கடே, கஸ்பாரு கண்ணாடிக் கதைய எடுக்கப் போறாரு" என்பார்கள். கல்யாணமான புதிதில் பிலோமியிடம் சொன்னார், பிள்ளைகள் பிறந்த பிறகும் சொன்னார், பேரன் ஞானஸ்நானத்து விருந்தில் சொன்னபோது அவள் குழம்புக் கரண்டியோடு வந்து எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டாள், "அந்த மனுசன் கண்ணாடியத் தொடச்ச பாவத்துக்கு நான்லா ஆயுசு பூரா சோறாக்கிப் போடுதேன்!" எல்லோரும் சிரித்தார்கள். சிலுவையும் சிரித்தான். அவன் சிரிக்கலாம். அவன் மாநிலத்துக்கு ஆடியவன்.

வேர்க்கிறது. இவ்வளவு பெரிய அரங்கத்தைக் கட்டிவிட்டு ஆட்டம் இல்லாத நாளில் குளிர்சாதனத்தைப் போடமாட்டார்களாம். தகரக் கூரை வெயிலை வாங்கி அப்படியே தலையில் கொட்டுகிறது, புருவத்தில் நிற்கிற வேர்வை கண்ணாடியில் சொட்டுகிறது, வங்கி அணிக்காரன்கள் எல்லோரும் கலங்கின தண்ணீருக்குள் ஓடுவதுபோல ஓடுகிறார்கள். கண்ணாடியே போடக் கூடாது என்றுதான் இருந்தார். படிக்கிறவனுக்குத்தான் கண்ணாடி, ஞானையா மாதிரி ஆட்களுக்குத்தான் கண்ணாடி. கண்புரை எடுத்த பிறகு ஆஸ்பத்திரியில் மாட்டிவிட்டார்கள், கழற்றினால் எதிரே வருவது மகளா மருமகளா என்பது தெரியாது. லெவான் பின்னால் ஓடிவருகிறான், கனமாக ஓடுகிறான், தரையில் அவன் கால் விழுகிற சத்தம் ஒருகால் ஒருமாதிரியும் மறுகால் வேறுமாதிரியும் கேட்கிறது. ஞானையா செத்தபோது கஸ்பார் பாளையங்கோட்டைக்குப் போனார். எதற்கு என்று பிலோமி கேட்கக் கேட்கவே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார். பேருந்தில் போகும்போது சவப்பெட்டிக்கு முன்னால் நின்று சொல்ல வேண்டியதையெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனார், நீர் பார்க்கவில்லை ஐயா, நீர் பார்த்திருந்தால் என் காலம் வேறு, நான் வாழ்நாள் முழுக்கக் கயிறு இழுத்திருக்க மாட்டேன் என்று. போய் நின்றால் பெட்டிக்குள்ளும் கண்ணாடி. மூடின கண்ணுக்குமேல் கண்ணாடி! எந்தப் பிள்ளை மாட்டிவிட்டதோ, அப்பா கண்ணாடி இல்லாமல் எப்படிப் போவார் என்று நினைத்ததோ, அதைப் பிடுங்கி மிதிக்க வேண்டும் என்று கை துடித்தது, கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார், வெளியே பந்தலில் கொடுத்த காபியை வாங்கிக் குடித்தார், அதற்காகவும் தன்மேல் கோபம், அவன் வீட்டுக் காபியை ஏன் குடித்தாய், சீனி வேறு நிறையப் போட்டிருந்தான், ஞானையாவுக்கு அப்போது என்ன வயசு, இப்போது எனக்கு இருக்கிற வயசா, பெட்டிக்குள் எவ்வளவு சின்னதாகக் கிடந்தார், வேர்வை கண்ணுக்குள் இறங்கிவிட்டது, எரிகிறது, சனியன் பிடித்த கூரை.

ஓ என்றது அரங்கம்.

கஸ்பார் நிமிர்ந்தார். எதிர்ப்பக்க வளையத்துக்குக் கீழே பந்து தனியாகக் குதித்துக்கொண்டிருந்தது, தங்கள் அணிப் பையன் ஒருவன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு திரும்பி ஓடிவருகிறான், வங்கி அணிக்காரனே லெவானின் முதுகில் தட்டுகிறான், டொமிங்கோஸ்கூடத் துண்டை எறிந்துவிட்டு எழுந்து நிற்கிறான். என்ன நடந்தது. இந்தக் கடைசியில் நின்றவன் அந்தக் கடைசிக்கு என்ன செய்தான். அதற்குப் பிறகு நடந்த ஆட்டம் கஸ்பார் கண்ணில் பதியவே இல்லை. லெவானும் அதற்குப் பிறகு அவர் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை, அது ஒரு பெரிய நிம்மதியாகவும், ஏனென்று தெரியாத பயமாகவும் இருந்தது. விசில் ஊதிவிட்டார்கள். ராஜதுரை குனிந்து காதருகே வந்தான். "அண்ணாச்சி, அந்தப் பாஸ் பாத்தீயள்லா? தலைக்குப் பின்னால, திரும்பாம, இந்தக் கோடியிலேருந்து அந்தக் கோடிக்கு!" "பாத்தேன்" என்றார் கஸ்பார். நாக்கு அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது. "எப்படி இருந்துச்சு?" "ம். பாத்தேன்டே. கண்ணு இருக்குல்லா." பக்கத்தில் ஆட்டத்தைப் படம் பிடித்துக்கொண்டிருந்த ஜெனிஷா, நாகர்கோவில் பிள்ளை, அணியின் வீடியோ வேலையெல்லாம் அவள்தான், அவருக்கு உதவி செய்கிற நினைப்பில் டேப்லட்டைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "அங்கிள், இன்னொரு தடவ பாக்கியளா? சூப்பரா வந்திருக்கு." அங்கிளாம். வேண்டாம் என்று சொல்வதற்குள் மூக்குக்கு நேரே பிடித்துவிட்டாள். சின்னப் படத்துக்குள் லெவான் எம்பிப் பந்தைப் பிடிக்கிறான், இறங்குவதற்கு முன்பே தலைக்குப் பின்னால் எறிகிறான், பந்து போய்க்கொண்டே இருக்கிறது, ஓடுகிறவன் கையில் சொல்லிவைத்ததுபோல விழுகிறது. நல்ல பந்து. யார் போட்டாலும் நல்ல பந்துதான். பந்தைப் போட்ட லெவான் அது எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. திரும்பி, கோட்டுப் பக்கம் பார்க்கிறான். அவன் பார்க்கிற இடத்தில், படத்தின் ஓரத்தில், உடைந்த நாற்காலியில், நீலச் சட்டையின் நுனியால் ஒரு கிழவன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கிறான். வாயருகே வைத்து ஊதுகிறான். ஹா.

"அத நிறுத்து" என்றார் கஸ்பார். "அங்கிள்?" "நிறுத்தும்மா." நிறுத்தினாள், நிறுத்தின இடத்திலும் அந்தக் கிழவன்தான் இருந்தான், ஊதின வாயோடு. யாரைத் திட்டுவது. இந்தப் பெண்ணையா, இந்தப் பெட்டியையா, கூரையையா. அன்றைக்கு இப்படி ஒரு பெட்டி இருந்திருந்தால் ஞானையாவின் மூக்குக்கு நேரே பிடித்திருக்கலாம், பாரும் ஐயா, உம்மைப் பாரும் என்று. அன்றைக்கு வெயிலா, வேர்வையா, இருட்டப்போகிற நேரத்தில் எங்கே வெயில், ஆனால் நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாரே அந்த ஆளும், அவர் நாற்காலி எப்படிப்பட்ட நாற்காலியோ. சே. என்ன நினைப்பு இது. அவருக்காக நான் பேசுவதா. "இன்னொரு தடவ போடு. மெதுவாப் போடு. ஓரத்தப் பாக்கமாட்டேன், அவன் காலப் பாக்கணும்." பார்த்தார். பந்தை எறிந்துவிட்டு லெவான் இறங்குகிறான், வலது காலில் மட்டும் இறங்குகிறான், இடது கால் தரையைத் தொட்டதும் கை தானாகத் தொடையைப் பிடிக்கிறது, பிடித்தது வெளியே தெரியாமல் உடனே எடுத்துவிடுகிறது. கேட்டது சரிதான், அந்த இரண்டு விதமான சத்தம். மறுபடி போடச் சொன்னார். மறுபடியும் அதே கை, அதே தொடை. கப்பல் ஏணியில் இப்படி ஒருவன் இறங்கினால், அவனை யார் பிடிப்பது என்றுகூடப் பேசமாட்டார்கள்.

"ராஜதுரை. முட்டி போச்சுடே அவனுக்கு." ராஜதுரை ஜெனிஷாவைத் தள்ளிப் போகச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தான். "தெரியும் அண்ணாச்சி. முந்தாநாளே டாக்டர் பாத்துச் சொல்லிட்டாரு. பாதி லீக்குகூடத் தாங்காது." "தெரியுமா?" "ஆமா." "தெரிஞ்சுக்கிட்டா என்னைய இந்த நாற்காலில உக்கார வச்சே?" ராஜதுரை தரையைப் பார்த்தான். "முதலாளிதான் அண்ணாச்சி. பையன் நல்லா ஆடுதான், அவன்கிட்ட நாங்களே போயி வேண்டாம்னு சொன்னா கூட இருக்கிற பயலுவ மனசு கெட்டுப்போவும். ஊர்ப் பெரியவரு பாத்துச் சொன்னாருன்னா ஒருத்தனும் பேசமாட்டான்னு நெனச்சாரு." "ஓகோ. அடிக்கிறது நீங்க, கை மட்டும் என் கையி!" "கோவப்படாதீய அண்ணாச்சி." "கோவப்படாம? சட்டை குடுத்தா போதும்னு பாத்தீயளோ? இந்தா, கழட்டித் தாரேன், ஒங்க முதலாளிய வந்து போட்டுக்கிடச் சொல்லு!" குரல் கூரையில் பட்டுத் திரும்பி வந்தது. ஆட்டக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். லெவான் மட்டும் பார்க்கவில்லை. ராஜதுரை எழுந்து, "சரி, விடுங்க, நாளைக்கு ஆபீஸ்லேருந்து அவனுக்கு மெசேஜ் போயிரும், டிக்கெட்டோட. நீங்க ஒண்ணும் பேச வேண்டாம்" என்றான். மெசேஜ். குழாயடியில் நிற்கும்போது வரும், முகம் கழுவிக்கொண்டிருக்கும்போது.

கஸ்பார் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கைப்பிடி முழங்கையில் இன்னொருமுறை கீறியது. தரை வழுக்குகிறது, வேர்வையும் காலணித் தடமுமாக, எதிர்ச்சுவர்வரைக்கும் இவ்வளவு தூரமா, இந்தத் தூரத்துக்கா அவன் திரும்பாமல் எறிந்தான், எறிந்தான்தான், ஒரு பந்து, ஒரே ஒரு பந்து, அதை வைத்துக்கொண்டு முட்டி இல்லாதவனை எடுக்க முடியுமா, முடியாது, பார்த்தாலும் முடியாது, பார்க்காவிட்டாலும் முடியாது, அப்படியானால் ஞானையா பார்த்திருந்தால் மட்டும் என்ன, காலுக்கு நடுவே விட்ட அந்த ஒரே பந்துக்காக, துணி திணித்த காலணியில் வழுக்கி வழுக்கி ஓடிய ஒருவனை, தூரத்திலிருந்து ஒரு பந்துகூடப் போடத் தெரியாத ஒருவனை, நானே அந்த நாற்காலியில் இருந்திருந்தால் எடுத்திருப்பேனா. நின்றுவிட்டார். மைதானத்தின் நட்டநடுவில் நின்றார். ஒருத்தரும் எடுத்துக்கொள்ளாமல் இத்தனை காலம் தூக்கிக்கொண்டு திரிந்த அந்தக் கோபத்தை யாரோ உள்ளே கைவிட்டுப் பிடுங்குகிறார்கள், கொடுக்க மனசு இல்லை. அதை எடுத்துவிட்டால் இந்த உடம்புக்குள் வேறு என்ன இருக்கிறது. எடுத்திருப்பேன், என்று சத்தமாகவே சொன்னார், எடுத்திருப்பேன்டா. ஒருவரும் கேட்கவில்லை. அவருக்குமே அது பொய் மாதிரி இருந்தது. அப்படியானால் யார்மேல் கோபப்படுவது. ஞானையா சொல்லாமல் போனாரே, அதற்காகப் படலாம். வந்து முகத்துக்கு நேரே நின்று, பார்க்கவில்லையடா, பார்த்திருந்தாலும் நீ இல்லையடா என்று சொல்லாமல் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனாரே, அதை விடமாட்டேன், அது எனக்குத்தான், சாகிறவரைக்கும் எனக்குத்தான்.

லெவான் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து முட்டி உறையை உருட்டி இறக்கிக்கொண்டிருந்தான். முட்டி வீங்கியிருந்தது. கஸ்பார் அவன் முன்னால் போய் நின்று கண்ணாடியைக் கழற்றினார், சட்டை நுனியால் துடைத்துக் காட்டினார், தன் மார்பைத் தொட்டார். "நீ போட்டப்ப நான் பாக்கல. பொறவு பெட்டியிலதான் பாத்தேன்." தமிழில்தான் சொன்னார், வேறு என்ன தெரியும். ஜெனிஷாவின் பக்கம் கையைக் காட்டினார், பிறகு தலைக்குப் பின்னால் பந்தை எறிவதுபோல எறிந்து காட்டினார், தோள்பட்டை சுளுக்கிக்கொண்டது. லெவான் முகம் மெல்ல மலர்ந்தது. சிரித்தான். பாராட்ட வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டான். கஸ்பாருக்கு அந்தச் சிரிப்பை அங்கேயே விட்டுவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது, திரும்பி நடந்தால் போதும், நாளைக்கு மெசேஜ் போய்விடும். நடக்கவில்லை. குனிந்து தன் இடது முட்டியைத் தொட்டார். தலையை ஆட்டினார், இல்லை என்று. கையை விமானம்போல மேலே தூக்கினார். "இல்ல மக்கா. நீ இல்ல. நான்தான் சொல்லுதேன்."

சிரிப்பு நின்றது. லெவான் சுவரைப் பிடித்து எழுந்தான், எழுந்து முடிக்கவே நேரம் பிடித்தது, அவ்வளவு உயரம். கண்ணாடி இல்லாமல் கஸ்பாருக்கு அந்த முகம் ஒரு வெளுத்த கறையாகத்தான் தெரிந்தது, அப்படியே இருக்கட்டும் என்று ஒருகணம் நினைத்தவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். அந்தக் கண்ணை அவருக்குத் தெரியும். குழாயடியில் கழுவக் கழுவப் போகாத கண் அது. லெவான் அவன் பாஷையில் வசவு மாதிரி ஒன்று சொன்னான், சின்னதாக, பல்லுக்கு நடுவே. ராஜதுரை பதறி ஓடிவருகிற சத்தம் பின்னால் கேட்டது. கஸ்பார் கையைப் பின்னால் நீட்டி அவனை அங்கேயே நிறுத்தினார்.

"மெல்லச் சொல்லாதல" என்றார். "என் மூஞ்சியப் பாத்து, நல்லா சத்தமாச் சொல்லு."